கணக்கு வரவில்லையா, கேள்வி புரியவில்லையா? ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் குறித்து

சயான் டீச்சர் எழுதியது:

மும்பையின் சயான் கோலிவாடாவில் மாலை நேரங்களில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். மாநில வாரியப் பிள்ளைகளும் உண்டு, சி.பி.எஸ்.இ. பிள்ளைகளும் உண்டு. அழைத்து வரும் பெற்றோர் அநேகமாக எல்லோரும் "கணக்கில் வீக்" என்று சொல்லித்தான் சேர்க்கிறார்கள். அந்தப் பிள்ளைகளிடம் பின்னங்களைக் கூட்டச் சொன்னாலோ மூன்றிலக்க எண்ணை வகுக்கச் சொன்னாலோ பலர் தடையின்றிச் செய்துவிடுகிறார்கள். அதே எண்களை நான்கு வரிக் கேள்விக்குள் வைத்துக் கொடுக்கும்போதுதான் பேனா நிற்கிறது.

ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். "ஒரு கிலோ கத்தரிக்காயின் விலை 40 ரூபாய். இது ஒரு கிலோ வெண்டைக்காயின் விலையைவிட 12 ரூபாய் குறைவு. இரண்டு கிலோ வெண்டைக்காய் வாங்க எவ்வளவு பணம் வேண்டும்?" ஏழாம் வகுப்புப் பிள்ளைகளில் கணிசமானோர் 40இலிருந்து 12ஐக் கழித்து, 28ஐ இரண்டால் பெருக்கி, 56 ரூபாய் என்று எழுதுகிறார்கள். அவர்கள் செய்த கழித்தல் சரி, பெருக்கலும் சரி. ஆனால் விடை 104. "குறைவு" என்று கண்டவுடன் கழித்துவிடுகிறார்களே தவிர, "இது" என்பது எந்தக் காயைச் சுட்டுகிறது என்று திரும்பிப் பார்ப்பதில்லை.

இந்த வயதில் கணக்கு மதிப்பெண் சரிவதற்கு, படித்துப் பொருள் கொள்ளும் திறனில் உள்ள குறையே பெரிய காரணம் என்பது என் கருத்து. ஒப்பாதவர்கள் தயங்காமல் எழுதவும்.

முலுண்ட்வாசி எழுதியது:

டீச்சர் சொல்வதில் எனக்கு ஒரு தடை இருக்கிறது. என் மகள் எட்டாம் வகுப்பு. கையில் கிடைக்கும் கதைப் புத்தகங்களையெல்லாம் படித்து முடிப்பவள். மொழிப் பாடங்களில் எப்போதும் முன்வரிசையில் இருப்பவள். கணக்கில் மட்டும் தேர்ச்சிக்கே திணறுகிறாள். வாசிப்புத்தான் காரணம் என்றால் இவளுக்குக் கணக்கு வந்திருக்க வேண்டுமே!

இன்னொன்று. நன்றாக வாசிக்கும் பிள்ளைகள் கணக்கிலும் நன்றாகச் செய்கிறார்கள் என்பதை வைத்து, ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று முடிவு கட்ட இயலாது. படித்த பெற்றோர், அமைதியான வீடு, நல்ல நினைவாற்றல், ஒழுங்காகப் பாடம் நடக்கும் பள்ளி ஆகியவை இரண்டையுமே சேர்த்து உயர்த்தக்கூடியவை. பொறியியல் படித்தவன் என்ற முறையில், இரண்டு கோடுகள் ஒன்றாக ஏறுகின்றன என்பதற்காக மட்டும் நான் எதையும் ஏற்பதில்லை.

செம்பூர் ஆய்வு மாணவி எழுதியது:

இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் கேள்வியைச் சற்றுப் பிரித்துக்கொண்டால்தான் அது விளங்கும். "வாசிப்பு" என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பது எழுத்துக் கூட்டி ஓட்டமாகப் படிப்பதையும், படித்ததிலிருந்து பொருளைக் கட்டிக்கொள்வதையும் சேர்த்துத்தான். "கணக்கு" என்பதிலும் கூட்டல், கழித்தல் போன்ற வெறும் செயலிகளும், சூழலிலிருந்து கணக்கை உருவாக்கிக்கொள்வதும் கலந்தே கிடக்கின்றன. பின்லாந்தில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம் விலேனியஸ் துவோஹிமாவும் உடன் ஆய்வாளர்களும் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வில், எழுத்தைப் படிக்கும் திறனின் தாக்கத்தைக் கணக்கிலிருந்து நீக்கிய பிறகும், உரையைப் புரிந்துகொள்ளும் திறனுக்கும் வாக்கியக் கணக்குகளுக்கும் இடையிலான உறவு நீடித்தது.

முலுண்ட் ஐயா எழுப்பிய காரண காரியக் கேள்விக்கு, ஒரே பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடரும் ஆய்வுகள்தாம் ஓரளவேனும் பதில் தரும். சிகாகோ பொதுப் பள்ளிகளில் மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை 46,000க்கும் மேற்பட்ட மாணவர்களின் மதிப்பெண்களை கெவின் கிரிம் ஆராய்ந்து 2008இல் எழுதினார். மூன்றாம் வகுப்பில் இருந்த கணக்குத் திறனையும் மாணவர்களின் பின்னணியையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும், அப்போது நன்றாக வாசித்துப் புரிந்துகொண்டவர்கள் பின்னர் கணக்கில் விரைவாக வளர்ந்தார்கள். அந்த விளைவு எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை என்பதுதான் நமக்கு முக்கியம்: சிக்கல் தீர்த்தலிலும் தரவுகளுக்கு விளக்கம் காண்பதிலும் அது மிகுதி, வெறும் கணக்கிடுதலில் மிகக் குறைவு. இதுவும் முழுமையான நிரூபணம் ஆகாது. ஆனால் "எல்லாம் வீட்டுச் சூழல்தான்" என்று தள்ளிவிட்டால், அந்த ஏற்றத்தாழ்வு ஏன் இப்படி அமைந்தது என்று விளக்க வேண்டியிருக்கும்.

டீச்சரின் கத்தரிக்காய்க் கணக்கு ஆய்வுலகில் நன்கு அறியப்பட்ட வகையைச் சேர்ந்தது. கேள்வியில் வரும் "குறைவு" போன்ற ஒப்பீட்டுச் சொல் ஒரு செயலியைச் சுட்ட, செய்ய வேண்டியதோ அதற்கு எதிரானதாக இருப்பதை லூயிஸும் மேயரும் 1987இல் ஆராய்ந்தார்கள். கல்லூரி மாணவர்கள்கூட அத்தகைய கேள்விகளில் கூடுதலாகத் தவறினார்கள். ஹெகார்ட்டி, மேயர், மங்க் ஆகியோர் 1995இல் படிப்பவர்களின் கண்ணசைவைப் பதிவு செய்து பார்த்தபோது, தவறு செய்பவர்கள் எண்களுக்கும் "அதிகம்", "குறைவு" போன்ற சொற்களுக்குமே மீண்டும் மீண்டும் திரும்பினார்கள் என்றும், சரியாகச் செய்பவர்கள் எந்தப் பொருளைப் பற்றிய எண் அது என்று சொல்லும் பெயர்களிடம் திரும்பினார்கள் என்றும் தெரிந்தது.

மாட்டுங்கா பெரியவர் எழுதியது:

நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆய்வுகள் எனக்குப் பழக்கமில்லை. எங்கள் காலத்தில் பதினாறாம் வாய்பாடு வரை மனப்பாடமாகச் சொல்லாவிட்டால் வீட்டுக்கு விடமாட்டார்கள். இப்போது எட்டாம் வகுப்புப் பேரன் ஏழெட்டு எவ்வளவு என்பதற்கு விரலை மடக்குகிறான். இப்படிப்பட்டவனுக்கு வாசிப்புப் பயிற்சி கொடுத்தால் கணக்கு வரும் என்று சொல்வது வேரை விட்டு இலைக்கு நீர் ஊற்றுவதாகும்.

மேலும், கணக்குத் தேர்வில் அரைப் பக்கத்துக்குக் கதை எழுதி, அதற்குக் கீழே கேள்வி கேட்கும் இந்தப் புதுப் பழக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. மொழித் திறனைச் சோதிக்க மொழிப் பாடம் இருக்கிறது.

தாராவி ஆசிரியர் எழுதியது:

பெரியவருக்கு வணக்கம். வாய்பாட்டைப் பற்றி நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் கணக்கிலிருந்து மொழியைப் பிரித்துவிடலாம் என்று நினைப்பது, ஒரே மொழியில் வாழ்ந்து ஒரே மொழியில் படித்தவர்களுக்கு மட்டுமே எளிது. தாராவியில் தமிழ்வழிப் பிள்ளைகளுக்குப் பல காலம் கணக்குப் பாடம் எடுத்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

இங்குள்ள ஒரு பிள்ளைக்கு வகுப்பறையில் "பெருக்கல்", தெருவிலும் கடையிலும் மராத்தியில் "குணாகார்", ஆங்கிலவழிக்கு மாறிய பின் "மல்டிப்ளிகேஷன்". சொற்கள் மாறுவதைப் பிள்ளைகள் விரைவில் சமாளித்துவிடுகிறார்கள். மாற்றிப் பழகுவதற்குக் கடினமானது வாக்கியத்தின் வரிசைதான். தமிழில் "ஓர் எண்ணிலிருந்து 7ஐக் கழி" என்கிறோம்; எண் முதலில் வருகிறது, ஏழு பிறகு வருகிறது, அதே வரிசையில் எக்ஸ் − 7 என்று எழுதிவிடலாம். ஆங்கிலத்தில் "சப்ட்ராக்ட் செவன் ஃப்ரம் எ நம்பர்" என்று ஏழு முன்னால் வந்துவிடுகிறது; அதுவரை சரியாக எழுதிய பிள்ளை, ஆங்கிலவழிக்கு மாறிய ஆண்டில் 7 − எக்ஸ் என்று எழுதுகிறது. பின்னத்தில் இதற்கு நேர்மாறு. "ஐந்தில் மூன்று பங்கு" என்று தமிழில் கீழே உள்ள எண்ணை முதலில் சொல்கிறோம். கேட்டபடியே மேலிருந்து கீழாக எழுதும் பிள்ளை 5/3 என்று எழுதுகிறது. அங்கே ஆங்கிலவழிப் பிள்ளைக்குத் தொல்லையில்லை. இவ்விரண்டு தவறுகளையும் "அடிப்படை தெரியவில்லை" என்று சிவப்பு மையில் எழுதிவிடுகிறார்கள். எந்த அடிப்படை என்று எவரும் கேட்பதில்லை.

தமிழ்ப் பாடநூல் நடையும் சில இடங்களில் பிள்ளைகளைத் தண்டிக்கிறது. "முருகனிடம் உள்ளதைப் போல் மூன்று மடங்கு தொகையை வைத்திருக்கும் செல்வியைவிட 50 ரூபாய் குறைவாக வைத்திருக்கும் கண்ணனிடம் உள்ள தொகை" என்று வினைக்கு முன்னே அடுக்கிக்கொண்டே போனால், வாக்கியம் முடியும் வரை எல்லாவற்றையும் மனத்தில் பிடித்து வைத்திருக்க வேண்டும். இதையே மூன்று சிறு வாக்கியங்களாக எழுதினால் கணக்கின் கடினம் ஒரு துளியும் குறையாது. படிப்பதன் கடினம் மட்டும் குறையும்.

மகாராஷ்டிரத்தில் மராத்திவழிப் பள்ளிகள் பலவற்றில் "செமி இங்கிலீஷ்" என்ற பெயரில் கணக்கையும் அறிவியலையும் மட்டும் ஆங்கிலத்தில் நடத்துகிறார்கள். பெற்றோர் அதை விரும்பிக் கேட்பதன் காரணம் எனக்குப் புரிகிறது. ஆனாலும், பிள்ளை மிக நுணுக்கமாகப் படிக்க வேண்டிய பாடத்தை அதற்கு மிகக் குறைவாகத் தெரிந்த மொழியில் வைப்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, இயன்ற இடங்களில் குறைந்தது ஐந்தாம் வகுப்பு வரையும், முடிந்தால் எட்டாம் வகுப்பு வரையும், வீட்டு மொழியிலோ வட்டார மொழியிலோ கற்பிக்கச் சொல்கிறது. மும்பைத் தமிழ்ப் பிள்ளையின் வட்டார மொழி எது என்பதை மட்டும் நாமே முடிவு செய்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது!

முலுண்ட்வாசி எழுதியது:

ஆசிரியர் ஐயாவின் பின்ன எடுத்துக்காட்டு என்னைச் சிந்திக்க வைத்தது. அப்படியானால் தீர்வு எளிதல்லவா? கேள்வித்தாளின் மொழியை எளிமையாக்கிவிட்டால் போதுமே. பிள்ளைகளை மாற்றுவதைவிடக் கேள்வித்தாளை மாற்றுவது சுலபம். இதை யாரேனும் சோதித்துப் பார்த்திருக்கிறார்களா?

செம்பூர் ஆய்வு மாணவி எழுதியது:

சோதித்திருக்கிறார்கள். அபேதியும் லார்டும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவின் தேசிய மதிப்பீட்டுத் தேர்வுக் கணக்குகளின் மொழியை மட்டும் எளிமையாக்கி, 1,174 எட்டாம் வகுப்பு மாணவர்களிடம் கொடுத்தார்கள். எண்களும் கணக்கின் அமைப்பும் மாறவில்லை. மதிப்பெண் உயர்ந்தது, ஆனால் சிறிதளவே உயர்ந்தது. ஆங்கிலத்தைப் புதிதாகக் கற்பவர்களும், கணக்கில் சராசரியாகவோ அதற்குக் கீழாகவோ இருந்தவர்களும் கூடுதலாகப் பயன் பெற்றார்கள். ஆகவே கேள்வித்தாளைத் திருத்துவது நியாயமான செயல். நோய் முழுவதற்கும் அது மருந்தாகாது.

ஏனெனில், எளிய மொழியில் எழுதிய கேள்வியிலும் பிள்ளைகள் பொருளைத் தேடாமல் போகிறார்கள். 1983இல் அமெரிக்காவில் 13 வயதுப் பிள்ளைகளிடம் கேட்கப்பட்ட கணக்கு இது: ஒரு ராணுவப் பேருந்தில் 36 வீரர்கள் ஏறலாம், 1,128 வீரர்களை ஏற்றிச் செல்ல எத்தனை பேருந்துகள் வேண்டும்? ஏறத்தாழ 70 சதவீதத்தினர் வகுத்தலைச் சரியாகவே செய்தார்கள். ஆனால் 29 சதவீதத்தினர் "31, மீதி 12" என்று எழுதினார்கள். 18 சதவீதத்தினர் 31 என்றார்கள். 32 என்ற சரியான விடையை எழுதியவர்கள் 23 சதவீதம்தான். அந்தக் கேள்வியில் கடினமான சொல் ஒன்றுமில்லை. மீதியுள்ள பன்னிரண்டு பேர் வெளியே நிற்கிறார்களே என்ற எண்ணம்தான் வரவில்லை. பிரான்சில் கிரெனோபிள் நகர ஆய்வாளர்கள் "கப்பலில் 26 செம்மறி ஆடுகளும் 10 வெள்ளாடுகளும் உள்ளன, கப்பல் தலைவரின் வயது என்ன?" என்று தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் 97 பேரிடம் கேட்டபோது, 76 பேர் எண்களைச் சேர்த்து ஒரு விடை எழுதிக் கொடுத்தார்கள்.

இது வாசிப்புக் குறையா, கணக்கு வகுப்பு பழக்கிவிட்ட நடத்தையா? இரண்டாவதற்கே நான் அதிக எடை தருவேன். "மொத்தம் என்றால் கூட்டு, மீதம் என்றால் கழி, ஒவ்வொன்றும் என்றால் பெருக்கு" என்று சுவரில் எழுதி ஒட்டுகிறோம். படிக்காமலே செய்வதற்கு நாமே பயிற்சி கொடுத்துவிட்டு, பிள்ளை படிப்பதில்லை என்று குறைப்பட்டுக்கொள்வது முறையல்ல.

மாட்டுங்கா பெரியவர் எழுதியது:

அம்மா, நீங்கள் ஆய்வுகளைச் சொல்வதால் நானும் ஒன்றைத் தேடி எடுத்தேன். ஊரகப் பகுதிகளில் பிள்ளைகளின் கற்றலை அளக்க நடத்தப்படும் ஏசர் கணக்கெடுப்பின் 2024ஆம் ஆண்டு அறிக்கையில், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்பு அளவிலான பத்தியைப் படிக்கக்கூடியவர்கள் 71.1 சதவீதம், மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கக்கூடியவர்கள் 45.8 சதவீதம். படிக்கத் தெரிந்தும் வகுக்கத் தெரியாதவர்கள் இத்தனை பேர் இருக்கும்போது, வாசிப்பே பெரிய காரணம் என்று டீச்சர் எப்படிச் சொல்ல முடியும்? இங்கே கதையும் இல்லை, நீண்ட வாக்கியமும் இல்லை; நேரடியான வகுத்தல்.

சயான் டீச்சர் எழுதியது:

பெரியவர் காட்டியது வலுவான எதிர்வாதம். இரண்டாம் வகுப்புப் பத்தியைப் படிப்பதும் ஏழாம் வகுப்புக் கணக்கைப் படித்துப் பொருள் கொள்வதும் ஒரே அளவுகோல் அல்ல என்று நான் சொல்லலாம். ஆனால் வகுத்தல் தெரியாத பிள்ளைக்கு வாசிப்பு மட்டும் உதவாது என்பதை அதனால் மறுக்க முடியாது. இன்னொரு கோணத்திலும் வாய்பாடு இங்கே உள்ளே வருகிறது. ஏழெட்டு ஐம்பத்தாறு என்பதற்கே மனம் முழுவதும் செலவாகிவிட்டால், "இது எதைவிடக் குறைவு" என்று யோசிக்க அங்கே இடம் மிஞ்சுவதில்லை. என்னிடம் வரும் பிள்ளைகளுக்குச் செயலிகள் ஏற்கெனவே ஓரளவு தெரிந்திருப்பதால்தான் வாசிப்புக் குறை எனக்குப் பளிச்சென்று தெரிகிறது போலும்.

முலுண்ட் ஐயாவுக்கு ஒரு வழி சொல்கிறேன். ஆஸ்திரேலியாவில் ஆன் நியூமன் என்பவர் 1977இல் வகுத்துக் கொடுத்த முறை இது. நான் இதைத்தான் பின்பற்றுகிறேன். பிள்ளை தவறு செய்த கணக்கை மீண்டும் எடுத்து, ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும்: கேள்வியை வாய்விட்டுப் படி, அது என்ன கேட்கிறது என்று உன் சொற்களில் சொல், எப்படிச் செய்யப் போகிறாய், செய்து காட்டு, விடையை முழுதாக எழுது. எந்தக் கட்டத்தில் தடுக்குகிறது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். கணக்கில் பின்தங்கிய ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 124 பேரிடம் நியூமன் இப்படிக் கேட்டபோது, தவறுகளில் 13 சதவீதம் படிப்பதிலும், 22 சதவீதம் புரிந்துகொள்வதிலும், 12 சதவீதம் கேள்வியைக் கணக்காக மாற்றுவதிலும் நேர்ந்திருந்தன. கூட்டவோ பெருக்கவோ தொடங்கும் முன்பே ஏறத்தாழப் பாதித் தவறு நடந்துவிடுகிறது. மற்றப் பாதி பெரியவரின் பக்கம்!

முலுண்ட்வாசி எழுதியது:

அரையாண்டுத் தேர்வுத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு மகளிடம் நீங்கள் சொன்னபடியே கேட்டேன். கேள்விகளைப் படித்தாள், என்ன கேட்கிறார்கள் என்று தெளிவாகச் சொன்னாள், சமன்பாட்டையும் பெரும்பாலும் சரியாக அமைத்தாள். அடைப்புக்குறிக்கு முன்னால் கழித்தல் குறி வந்த இடங்களில்தான் வரிசையாகத் தவறு. அதாவது −3(எக்ஸ் − 4) என்பதை −3எக்ஸ் − 12 என்று விரிக்கிறாள். எனவே இவளுக்கு வாசிப்புக் குறையில்லை என்ற என் வாதம் நிற்கிறது. ஆனால் "கணக்கே வரவில்லை" என்று நாங்கள் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தது, குறை எண்களைப் பெருக்குவதில் உள்ள ஒரேயொரு ஓட்டை என்பதையும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

டோம்பிவிலி அம்மா எழுதியது:

நடுவில் ஒரு கேள்வி கேட்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என் மகன் மாநில அரசின் ஸ்காலர்ஷிப் தேர்வுக்குத் தயாராகிறான். முதல் தாளில் முதல் மொழியும் கணிதமும் சேர்ந்தே வருகின்றன. மொழிக்கு 50 மதிப்பெண், கணிதத்துக்கு 100 என்பதால் கோச்சிங் வகுப்பில் கணிதத்தை மட்டுமே ஓட்டுகிறார்கள். அவனுக்குக் கணக்கு தெரியும். சதவீதம் வந்தால் மட்டும் குழம்புகிறான். மொழிக்கு நேரம் ஒதுக்குவது வீணாகுமா?

சயான் டீச்சர் எழுதியது:

வீணாகாது, சகோதரி. ஆனால் மொழிக்குத் தனியாகவும் கணக்குக்குத் தனியாகவும் நேரம் ஒதுக்குவதைவிட, கணக்குக் கேள்விகளையே மொழிப் பாடம்போல் படிக்க வைப்பது உங்கள் மகனுக்குக் கூடுதலாக உதவும். இந்த இரண்டு வாக்கியங்களை அருகருகே எழுதிக் கொடுங்கள்: "600 ரூபாய்ச் சட்டையின் விலை 25 சதவீதம் குறைந்தது." "ஒரு சட்டையின் விலை 25 சதவீதம் குறைந்து 600 ரூபாய் ஆனது." முதலாவதில் இப்போதைய விலையையும், இரண்டாவதில் முந்தைய விலையையும் கேளுங்கள். முதலாவதற்கு 450 என்று சொல்லிவிடுவான். இரண்டாவதற்கு 750 என்றால், சதவீதம் கணக்கிட அவனுக்குத் தெரிகிறது, எதன் சதவீதம் என்று படிக்கத் தெரியவில்லை என்று பொருள். 800 என்று சொல்லிவிட்டால் குழப்பம் வேறெங்கோ இருக்கிறது. அப்போது நியூமன் கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

எங்கள் வகுப்பில் வாரத்தில் ஒரு நாள் எண்களை அழித்துவிட்டுக் கேள்வியை மட்டும் கொடுப்பேன். "ஒரு சட்டையின் விலை சில சதவீதம் குறைந்து சில ரூபாய் ஆனது, முன்பு என்ன விலை?" கூட்டவோ கழிக்கவோ எண் எதுவும் இல்லாததால், எது பெரியது, எது சிறியது, எது தெரியும், எது தெரியாது என்று பேசுவதைத் தவிரப் பிள்ளைகளுக்கு வேறு வழியிருக்காது. தொடக்கத்தில் முணுமுணுப்பார்கள். கேள்வி இல்லாமல் விவரத்தை மட்டும் கொடுத்து, "இதில் என்னவெல்லாம் கேட்கலாம்?" என்று அவர்களையே கேள்வி எழுதச் சொல்வதும் உண்டு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அது மிகவும் பிடிக்கும்.

தாராவி ஆசிரியர் எழுதியது:

எண்களை அழிப்பதோடு, கேள்வியைத் தமிழில் ஒருமுறையும் பள்ளி மொழியில் ஒருமுறையும் சொல்லச் சொல்லுங்கள். டோம்பிவிலிச் சகோதரியின் மகன் மராத்திவழியா ஆங்கிலவழியா என்று தெரிந்தால், அதற்கேற்ற கணக்குகள் சிலவற்றை நான் எழுதி அனுப்புகிறேன்.

மாட்டுங்கா பெரியவர் எழுதியது:

அப்படியே ஏழாம், எட்டாம் வாய்பாட்டையும் சேர்த்து அனுப்புங்கள், ஆசிரியரே. பேரனுக்குத் தேவைப்படுகிறது.